காளைக்கு உள்ள மருத்துவச் சோதனை கூண்டில் இறங்கும் பிள்ளைக்கும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எம்.எம்.ஏ. எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளைத் தமிழ்நாட்டில் அடியோடு தடை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சென்ற வாரம் வெளிவந்த கடிதத்தைப் படித்தேன். இரண்டு பேரைக் கூண்டுக்குள் விட்டு அடித்துக்கொள்ளச் செய்து அதைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது நல்ல சமுதாயத்துக்கு அழகல்ல என்று அந்த அன்பர் எழுதியிருந்தார். அவருடைய வேதனை எனக்குப் புரிகிறது. ஏனெனில் அந்தக் கூண்டுக்குள் இறங்கும் இருவரில் ஒருவன் என் இளைய மகன்.

நான் சென்னைத் துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மகன் ஏழு ஆண்டுகளாக இந்த விளையாட்டையே தொழிலாகக் கொண்டிருக்கிறான். ஒன்பது தொழில்முறைப் போட்டிகளில் ஆறில் வென்று மூன்றில் தோற்றிருக்கிறான். தடை விதித்தால் என்ன நடக்கும் என்பதை ஓரளவு படித்தும், இப்போதுள்ளபடியே விட்டுவைத்தால் என்ன நடக்கிறது என்பதை என் வீட்டுக்குள்ளேயே பார்த்தும் அறிந்தவன் என்ற முறையில், அரசு இந்த விளையாட்டைத் தன் கண்காணிப்பின் கீழ்க் கொண்டுவந்து, கூண்டில் இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு மருத்துவப் பதிவேட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததும் இன்று வாழ்வதும் பழைய வண்ணாரப்பேட்டையில். கையுறை கட்டிக்கொண்டு மோதுவது எங்கள் பகுதிக்குப் புதிதன்று. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழியாகப் பிரிந்து நின்று மோதிய நாட்களைப் பற்றி என் தந்தை சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். 1980ஆம் ஆண்டு முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் கலந்துகொண்டபோது, பதினேழு வயதுப் பையனாகக் கூட்டத்தில் நசுங்கி நின்று அவரைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் பெருமையோடு சேர்த்தே இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடைக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு முன்னாள் குத்துச்சண்டை வீரர் வருவார். கண்ணாடிக் குவளையை இரண்டு கைகளாலும் பிடித்தால்தான் அவருக்குத் தேநீர் சிந்தாது. தாம் வென்ற ஒவ்வொரு சண்டையையும் சுற்று வாரியாகச் சொல்வார். ஆனால் குடித்த தேநீருக்குக் காசு கொடுத்ததை மறந்து மீண்டும் எடுத்து நீட்டுவார். கடைக்காரர் அதை வாங்காமல் அவருடைய சட்டைப் பையிலேயே வைத்துவிடுவார். தலையில் ஆண்டுக்கணக்கில் அடி வாங்கியவர்களுக்கு இப்படிப்பட்ட நிலை வரக்கூடும் என்பதை 1928ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் எழுதிவிட்டார் என்பதை, என் மகன் இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆகவே, ஆபத்து ஒன்றுமில்லை என்று வாதாட வந்தவனாக என்னைத் தாங்கள் எண்ண வேண்டாம்.

அதே நேரத்தில், இது விதிமுறை ஏதுமற்ற அடிதடி என்று எழுதுவது உண்மைக்குப் புறம்பானது. ஒரு காலத்தில் அப்படி இருந்தது. இன்று உலகின் மிகப் பெரிய எம்.எம்.ஏ. போட்டி நிறுவனமாக இருக்கும் யு.எஃப்.சி., 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் தன் முதல் போட்டியை நடத்தியபோது எடைப் பிரிவுகளே கிடையாது. ராய்ஸ் கிரேசி என்ற பிரேசில் வீரர் தம்மைவிட எடை கூடிய மூவரை ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மடக்கிப் பட்டம் பெற்றார். 1996இல் அமெரிக்க செனட் உறுப்பினர் ஜான் மெக்கெய்ன் இதைச் சேவற்சண்டையோடு ஒப்பிட்டு, தடை செய்யும்படி எல்லா மாநில ஆளுநர்களுக்கும் கடிதம் எழுதினார்; 36 மாநிலங்கள் தடை விதித்தன. அதனால் போட்டிகள் நின்றுவிடவில்லை; கேள்வி கேட்க ஆளில்லாத சிறு ஊர்களுக்கு நகர்ந்தன. 2000ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநில விளையாட்டுக் கட்டுப்பாட்டு வாரியம் விதிகளை வகுக்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி மார்ட்லேண்ட் எழுதியதும், எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த விதிகள் எழுதப்பட்டதும் ஒரே மாநிலத்தில் என்பது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. தடையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்த நியூ யார்க் மாநிலமும் 2016இல் அதை நீக்கி, போட்டிகளைத் தன் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது.

இன்று ஒரு சாதாரணப் போட்டி ஐந்து நிமிடச் சுற்றுகள் மூன்றைக் கொண்டது. பட்டத்துக்கான போட்டி என்றால் ஐந்து சுற்றுகள். பின்மண்டையிலும் முதுகெலும்பிலும் அடிப்பது, கண்ணில் விரலை விடுவது, தரையில் முழங்கால் ஊன்றிக் கிடப்பவரின் தலையில் உதைப்பது எல்லாம் குற்றம். குத்து, உதை, தூக்கிச் சாய்த்தல், தரையில் பூட்டுப் போடுதல் ஆகிய அத்தனையும் கற்றால்தான் ஒருவன் இதில் நிற்க முடியும். கை பூட்டிலோ கழுத்துப் பிடியிலோ சிக்கியவன் எதிராளியின் உடம்பில் இரண்டு முறை தட்டினால் போதும், அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும்; அப்படித் தட்டுவதில் யாருக்கும் அவமானம் இல்லை. என் மகனின் மூன்று தோல்விகளில் ஒன்று அப்படி வந்ததுதான். ஓரிரு நிமிடங்களில் எழுந்து வந்து எதிராளியைக் கட்டித் தழுவிவிட்டு வெளியே வந்தான். குத்துச்சண்டையில் விழுந்தவனுக்குப் பத்து எண்ணும் வரை அவகாசம் தந்து, தள்ளாடி எழுந்தவனை மீண்டும் அடி வாங்க அனுப்புகிறார்கள். இங்கே ஒருவனால் தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்று நடுவர் கண்டவுடன் குறுக்கே பாய்ந்து நிறுத்துகிறார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்தாண்டு காலப் போட்டிகளின் மருத்துவப் பதிவுகளை எடுத்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு காயம் அடைந்தவர்கள் எம்.எம்.ஏ.யில் 59.4 விழுக்காடு, குத்துச்சண்டையில் 49.8 விழுக்காடு என்றும், நினைவிழந்தவர்கள் எம்.எம்.ஏ.யில் 4.2 விழுக்காடு, குத்துச்சண்டையில் 7.1 விழுக்காடு என்றும் கண்டறிந்தார்கள். ரத்தம் அதிகம் தெரியும் விளையாட்டும் மூளையை அதிகம் கெடுக்கும் விளையாட்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்த எண்களிலிருந்து புரிந்துகொண்டேன். இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அங்கே பதிவுகள் இருந்தன என்பதும் இதே ஆய்வில் எனக்குத் தெரிந்த உண்மை. நம் ஊரில் அப்படி எடுத்துப் பார்க்க ஒரு தாளும் இல்லை.

கூண்டுக்குள் கழியும் பதினைந்து நிமிடத்தைவிட எனக்கு அதிக அச்சம் தருவது அதற்கு முந்தைய இரண்டு நாட்கள்தான். என் மகன் மோதும் பிரிவின் உச்ச எடை 61.2 கிலோ. அவனுடைய இயல்பான எடை எழுபதுக்குக் குறையாது. உணவைக் கட்டுப்படுத்தி ஏழெட்டு வாரங்களில் நான்கு கிலோவைக் குறைப்பான். மீதியை எடை பார்ப்பதற்கு முந்தைய முப்பது மணி நேரத்தில் தண்ணீராக உடம்பிலிருந்து வெளியேற்றுவார்கள். வெளி மாநிலப் போட்டி ஒன்றுக்கு நானும் உடன் சென்றிருந்தேன். ஏற்பாட்டாளர்கள் தந்த மலிவான விடுதி அறையில் குளியல் தொட்டி இல்லாததால், குழந்தைகள் விளையாடுவதற்கென்று விற்கும் காற்றடைத்த பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கடைத்தெருவில் வாங்கி வந்து, அதில் சுடுநீரும் உப்பும் கலந்து, கழுத்து வரை அவனை அமிழ்த்தி வைத்தார்கள். பத்து நிமிடம் கழித்துத் தூக்கி எடுத்து, வியர்வை வெளியேறாத உடுப்பை மாட்டி, நான்கு கம்பளிகளால் சுற்றிப் படுக்க வைத்தார்கள். பிறகு மறுபடியும் தொட்டி. வாளி வாளியாகச் சுடுநீர் மொண்டு ஊற்றியவன் நான்தான். உதடு வெடித்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி, பேச முடியாமல் அவன் கிடந்தபோது என் மனைவி தொலைபேசியில் அழைத்தாள். பிள்ளை தூங்குகிறான் என்று சொன்னேன். மணமாகி முப்பத்தாறு ஆண்டுகளில் நான் அவளிடம் சொன்ன பொய்களில் அதைப் போல என்னை வருத்தியது வேறில்லை. மறுநாள் காலையில் தராசு 61.1 காட்டியது. அடுத்த நாள் மாலை அவன் கூண்டில் இருந்தான்.

நீர் வற்றிய உடம்பில் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எவ்வளவு சுமை ஏறுகிறது என்பதை மருத்துவர்கள் விளக்கிக் கேட்டிருக்கிறேன். 2013 செப்டம்பரில் ரியோ டி ஜெனீரோவில் லியாண்ட்ரோ சூசா என்ற வீரர் எடை பார்க்க வேண்டிய நாளிலேயே மயங்கி விழுந்து இறந்தார். 2015 டிசம்பரில் மணிலாவில், ஆசியாவில் எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் ஒன் சாம்பியன்ஷிப் என்ற நிறுவனத்தின் போட்டிக்காக எடையைக் குறைத்துக்கொண்டிருந்த யாங் ஜியன்பிங் என்ற சீன வீரர் இறந்தார். அவருக்கு வயது 21. இருவரும் எதிராளியின் ஒரு அடியைக்கூட வாங்காமல் இறந்தவர்கள். யாங்கின் இறப்புக்குப் பிறகு ஒன் நிறுவனம் தண்ணீரை வற்ற வைத்து எடை குறைப்பதைத் தடை செய்து, வீரர்களின் சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து உடலில் போதிய நீர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடையை ஏற்றுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. இந்தச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. கையடக்கக் கருவி ஒன்றும் சில துளிச் சிறுநீரும் போதும். என் மகன் கலந்துகொண்ட ஒன்பது போட்டிகளில் ஒன்றில்கூட இச்சோதனை செய்யப்படவில்லை.

இரண்டாவது தோல்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் சுற்றில் இடது காதுக்கு மேலே ஓர் உதை விழுந்தது, அப்படியே சரிந்தான். கண் விழித்ததும் தன் மாஸ்டரிடம் இது எத்தனையாவது சுற்று என்று கேட்டான், அவர் சொன்னார், மறுபடியும் கேட்டான், மூன்றாம் முறையும் கேட்டான். மருத்துவர் என்று கூண்டருகே உட்கார வைக்கப்பட்டிருந்தவர் உண்மையில் இயன்முறைச் சிகிச்சையாளர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அரங்கின் வாசலில் நின்றிருந்த ஆம்புலன்ஸ், முன்னர் அடிபட்ட வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. மாற்று வண்டி இல்லாமலேயே அடுத்தடுத்த மோதல்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவனை ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். கடவுள் அருளால் ஸ்கேனில் ரத்தக்கசிவு ஏதும் இல்லை. தொண்ணூறு நாட்களுக்குத் தலையில் எந்த அடியும் படக்கூடாது, பயிற்சியில்கூட மோதக்கூடாது என்று நரம்பியல் மருத்துவர் சீட்டில் எழுதி, அடிக்கோடும் இட்டுக் கொடுத்தார்.

இருபத்து நான்காம் நாள், வேறொரு மாநிலத்திலிருந்து அவனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு வீரர் கடைசி நேரத்தில் விலகிவிட்டார், பத்து நாளில் வந்து இறங்க முடியுமா, நாற்பதாயிரம் ரூபாய் தருகிறோம் என்றார்கள். கடைசிப் போட்டியில் என்ன நடந்தது என்று அவர்கள் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்தாலும் அவர்களுக்கு இல்லை. அவன் போகத் துடித்தான். ஜிம் கட்டணம் மூன்று மாத பாக்கி இருந்தது. மறுத்தால் மீண்டும் அழைக்க மாட்டார்கள் என்ற பயமும் இருந்தது. நானும் அவன் தாயும் கெஞ்சியதற்கெல்லாம் அவன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தானே தவிர, சம்மதிக்கவில்லை. அவனுடைய மாஸ்டர் எங்கள் வீட்டுக்கே வந்து, "நீ போனா கார்னர்ல நான் நிக்க மாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுதும் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு மாஸ்டர் வாய்ப்பாரா?

அமெரிக்காவில் நினைவிழந்து தோற்ற வீரருக்கு மாநில ஆணையம் அன்றிரவே இத்தனை நாள் ஓய்வு என்று விதித்துவிடுகிறது. அது ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறிவிடுவதால் வேறு மாநிலம் அவருக்கு அனுமதி தருவதில்லை. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வகைகளுக்கான ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் இல்லாமல் நெவாடா போன்ற மாநிலங்களில் உரிமமே கிடைப்பதில்லை. நம் நாட்டில் அவற்றைப் போன்ற அமைப்பு இல்லாததன் விலையை நாம் கொடுத்துவிட்டோம். எம்.எம்.ஏ.க்கு மிக நெருங்கிய உறவுடைய கிக்பாக்சிங்கில், 2022 ஜூலையில் பெங்களூரில் நடந்த போட்டியில் அடிபட்ட இளைஞர் ஒருவர் இறந்தார். அடுத்த மாதமே நம் சென்னையில், தேசிய அளவிலான போட்டிக்கு வடகிழக்கிலிருந்து வந்திருந்த இளம் வீரர் ஒருவர் தலையில் அடிபட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, உயிரிழந்தார். இரண்டு மாதத்துக்குள் இரண்டு பிள்ளைகள். சில நாட்கள் செய்தித்தாள்களில் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம். அந்தச் செய்தி வந்த அன்று என் மகன் பயிற்சிக்குப் போகாமல் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். மறுநாள் வழக்கம்போல நான்கரை மணிக்கு எழுந்து போனான்.

நம் மாநிலத்துக்கு இப்படி ஒழுங்குபடுத்தத் தெரியாது என்று நான் நம்பவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்ததையும், 2017 சனவரியில் மெரினாவில் கூடிய இளைஞர்களையும், அதன் பின் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தையும் விதிகளையும், 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டதையும் எல்லோரும் அறிவோம். மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் இன்று வாடிவாசல் திறப்பதில்லை. காளையைக் கால்நடை மருத்துவர் பரிசோதிக்கிறார். களத்தில் இறங்கும் மாடுபிடி வீரரை அரசு மருத்துவர் பரிசோதிக்கிறார். ஆம்புலன்ஸ் ஆயத்தமாக நிற்கிறது. அத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் உயிரிழப்பு நேர்வதுண்டு. ஆனால் எப்படி நேர்ந்தது, யார் பொறுப்பு என்று விசாரிக்க ஓர் அதிகாரி இருக்கிறார். அலங்காநல்லூரிலும் அவனியாபுரத்திலும் ஆயிரக்கணக்கான வீரர்களுக்கும் காளைகளுக்கும் செய்ய முடிந்ததைச் சென்னையில் ஓர் அரங்கில் ஒரு மாலையில் மோதும் இருபது முப்பது பேருக்குச் செய்ய முடியாதா?

வருமானத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலின் வாழ்க்கையைச் சொன்னதாகாது. என் மகனின் முதல் தொழில்முறைப் போட்டிக்குக் கிடைத்தது 15,000 ரூபாய். கடைசிப் போட்டிக்கு 75,000. ஏழு ஆண்டுகளில் ஒன்பது போட்டிகளுக்கும் சேர்த்து அவன் பெற்றது 3,20,000 ரூபாய். அண்ணா நகரில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் காலையிலும், பெரம்பூரில் பிள்ளைகளுக்கு மாலையிலும் வகுப்பெடுத்துச் சம்பாதிப்பதை வைத்துத்தான் முட்டைக்கும் கோழிக்கும் ரயில் பயணத்துக்கும் செலவு செய்கிறான். ஒரு போட்டியில் கண்குழி எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சைக்கு 1,85,000 ரூபாய் ஆனது. பல ஆண்டுகளாகத் தவணை தவறாமல் கட்டிவந்த மருத்துவக் காப்பீட்டைக் கேட்டபோது, ஆபத்தான விளையாட்டில் தொழில்முறையாக ஈடுபடுவோரின் காயத்துக்குப் பொறுப்பில்லை என்ற விதியைக் காட்டி மறுத்துவிட்டார்கள். விதி அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படியானால் இவனுக்கென்று வேறொரு காப்பீடு இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

உலகின் உச்சியில் இருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள் என்பது எனக்கு வியப்பளித்தது. கேமரூன் நாட்டில் சிறுவயதில் மணற்குவாரியில் வேலை செய்து, பாரிஸ் தெருக்களில் படுத்துறங்கி, 2021இல் யு.எஃப்.சி.யின் மிகு எடைப் பிரிவுப் பட்டத்தை வென்ற பிரான்சிஸ் நகானு, 2023இல் சாம்பியனாக இருக்கும்போதே அந்த நிறுவனத்தை விட்டு விலகினார். அவர் முன்வைத்த கோரிக்கைகளில் வீரர்களுக்கான மருத்துவக் காப்பீடும் ஒன்று. அந்த வீரர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்லர், தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். தங்கள் ஊதியம் முறையற்ற வகையில் அமுக்கி வைக்கப்பட்டது என்று 2014இல் அவர்கள் தொடுத்த வழக்கு, பத்தாண்டுகளுக்குப் பிறகு 2025இல்தான் 37.5 கோடி டாலர் இழப்பீட்டோடு முடிவுக்கு வந்தது.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகள் ஏன் வருகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. உத்தரப் பிரதேசத்தின் புதானா என்ற ஊரிலிருந்து வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்று வந்த பூஜா தோமர், 2024 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் வென்று, யு.எஃப்.சி.யில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனபோது, என் மகன் அதிகாலையில் எங்களை எழுப்பிக் காட்டினான். என் மனைவி அந்தப் பெண்ணுக்குத் திருஷ்டி கழிப்பது போலக் கைகளைச் சுற்றி நெற்றியில் முறித்தாள். உத்தரகண்டைச் சேர்ந்த அன்ஷுல் ஜுப்லி 2023 பிப்ரவரியில் வென்று ஒப்பந்தம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் அபுதாபியில் மூன்றாம் சுற்றில் வீழ்ந்தார். 2025 பிப்ரவரியில் சிட்னியில் அவருடைய ஆட்டம் 19 நொடிகளில் முடிந்தது. அந்தப் பத்தொன்பது நொடிகளுக்காக அவர் எத்தனை மாதங்கள் உழைத்திருப்பார் என்பது எங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவருடைய தோல்வியைக் கேலி செய்து பரப்பப்பட்ட படங்களை என் மகனின் நண்பர்கள் அனுப்பியபோது, அவன் ஒருவருக்கும் பதில் எழுதவில்லை.

2026ஆம் ஆண்டு ஜப்பானின் ஐச்சி, நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் எம்.எம்.ஏ. முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. பதக்கம் வந்தால் பாராட்டு விழா எடுப்போம். அதற்கு முன் அந்தப் பிள்ளைகளின் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு காவல் ஏற்படுத்துவோம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கீழ், தலைக்காயச் சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர்களையும் ஓய்வு பெற்ற வீரர்களையும் கொண்ட ஒரு சிறு குழு போதும். எம்.எம்.ஏ., கிக்பாக்சிங், முவாய் தாய் என்று பெயர் எதுவாயினும், தலையில் அடிபடும் போட்டி ஒவ்வொன்றும் அக்குழுவின் அனுமதியோடுதான் நடக்க வேண்டும். வீரரின் ரத்தப் பரிசோதனை, கண், ஸ்கேன், ஒவ்வொரு போட்டியின் முடிவு, அதன் பின் விதிக்கப்பட்ட ஓய்வு நாட்கள் ஆகிய அனைத்தும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த ஏட்டைப் பார்க்காமல் எந்த ஏற்பாட்டாளரும் எவரையும் கூண்டில் ஏற்றக்கூடாது. எடை பார்க்கும்போதே நீர்ச் சோதனையும் நடக்கட்டும். ஆம்புலன்ஸ் ஒன்று புறப்பட்டுவிட்டால் அடுத்தது வந்து நிற்கும் வரை மோதல் நிறுத்தப்படட்டும். காயத்துக்கான காப்பீட்டுத் தொகையை முன்கூட்டியே கட்டிய பிறகு ஏற்பாட்டாளர் நுழைவுச்சீட்டு விற்கட்டும். இவற்றால் சிறிய ஏற்பாட்டாளர்கள் சிலர் போட்டி நடத்த முடியாமல் போகலாம். என் மகனுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளும் குறையலாம். அதை அவனிடமே கேட்டேன். "குறைஞ்சா குறையட்டும்ப்பா" என்றான்.

தடை கோரிய அன்பருக்கும் ஒரு வேண்டுகோள். தடை வந்தால் அவருடைய மனம் அமைதி அடையக்கூடும். ஆனால் புறநகர்க் கிடங்கு ஒன்றில், தார்ப்பாயை விரித்து, கைப்பேசி வெளிச்சத்தில் அதே பிள்ளைகள் மோதுவார்கள். அங்கே இப்போதிருக்கும் ஓர் ஆம்புலன்ஸும் இருக்காது. அவருடைய அக்கறை உண்மையானது என்று நம்புகிறேன். அவரும் இந்தக் கோரிக்கையில் என்னோடு சேர்ந்து கையெழுத்திட்டால் மகிழ்வேன்.

அண்மைக் காலமாக என் மகன் பேசும்போது ஏதாவது ஒரு சொல்லுக்காக அரை நொடி நின்றாலும் எனக்குத் தேநீர்க் கடைப் பெரியவரின் நினைவு வந்துவிடுகிறது. அவன் களைப்பாக இருந்திருப்பான். எல்லோரும் சொல்லுக்காக நிற்பதுண்டுதான். இருந்தாலும் தேதியைக் குறித்து வைக்கிறேன். அவனுடைய ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், அந்த நரம்பியல் மருத்துவர் அடிக்கோடிட்டுக் கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் அலுவலகத்தில் கோப்பு கட்டிய பழக்கத்தில் தேதி வாரியாக ஒரு பச்சைக் கோப்பில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவனுக்குப் பத்தாவது போட்டி. இந்தக் கோப்பை வாங்கிப் பார்க்க வேண்டிய அதிகாரி இன்னார் என்று அரசு அறிவிக்குமானால், நானே நேரில் கொண்டுவந்து காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு வீரனின் தந்தை,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.